பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் விழவில்லையா? முதலில் கிணற்று மோட்டாரை நினைத்துப் பாருங்கள்

காலையில் காரை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி லீவரை 'டி'க்கு (டிரைவ்) கொண்டுவந்தால் வண்டி நகராது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணி முடிக்கலாம், அப்புறம் அடியில் இருந்து 'டொம்' என்று ஒரு இடி, வண்டி முன்னால் துள்ளும். கொஞ்ச தூரம் போனதும் இரண்டாவது கியரில் இருந்து மூன்றாவதுக்கு மாறுகிற இடத்தில் இன்ஜின் மட்டும் தனியாகக் கத்தும், வண்டி இழுக்காது. பதினைந்து வயதான எங்கள் ஆட்டோமேட்டிக் ஹேட்ச்பேக் போன வருடம் இந்த நிலைமைக்கு வந்தது. முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாத அப்பாவுக்காக செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி.

பொள்ளாச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். பையன் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, பானெட்டைக்கூடத் திறக்காமல், "கியர்பாக்ஸ் போச்சுங்ணா, மொத்தமா மாத்தோணும்" என்றான். அவன் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய வண்டியில் பாதி வாங்கிவிடலாம். வழியெல்லாம் பேசாமல் வந்த அப்பா, மறுநாள் காலை வண்டி அதே மாதிரி நின்று யோசித்தபோது சொன்னார்: "நம்ம கெணத்து மோட்டாரு காத்து வாங்கற மாதிரியே இருக்குது கண்ணு."

அவர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் உள்ளே எட்டிப் பார்த்தவர் இல்லை. ஆனாலும் இதைவிடச் சரியாக விளக்க என்னால் முடியாது, அதனால் கடைசி வரை அந்த மோட்டாரைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. நான் சொல்வது டார்க் கன்வெர்ட்டர் (அது என்ன என்று கீழே வரும்) வைத்த பழைய ஆட்டோமேட்டிக் பற்றி மட்டும்தான். ஐ10, எஸ்எக்ஸ்4, பழைய டிசையர், எர்டிகா இவற்றில் எல்லாம் நாலு கியரோடு வந்த வகை. 2014-ல் செலேரியோவில் வந்த ஏஎம்டி வேறு சங்கதி, அது சாதாரண மேனுவல் கியர் பெட்டிதான், கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. அந்தக் கால ஏஎம்டி லீவரில் 'பி' என்ற பார்க்கிங் நிலை இருக்காது, அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கியர் படிகளே இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சிவிடியும் வேறு, அதற்கு ஊற்றும் ஆயிலும் வேறு.

சரி, இப்போது பெட்டிக்குள் போவோம். மேனுவல் வண்டியில் கியரை மாற்றுவது உங்கள் கை. ஆட்டோமேட்டிக்கில் அந்தக் கை, ஆயில் அழுத்தம். 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்கு ஹைட்ரா-மேட்டிக் என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்ததே, அதில் இருந்து இன்றுவரை அடிப்படை இதுதான். இன்ஜின் சுற்றினால் பெட்டியின் முன்பக்கம் இருக்கும் ஒரு பம்பும் சுற்றும். அது அடியில் இருக்கும் தொட்டியில் இருந்து, ஒரு ஃபில்டர் வழியாக, ஆயிலை உறிஞ்சி அழுத்தத்தோடு அனுப்பும். நம் ஊரில் தோட்டம் வைத்திருக்கும் யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. கிணறு, மோட்டார், மெயின் பைப், அங்கங்கே கேட்வால்வு, கடைசியில் பாத்தி. எந்த வால்வைத் திறக்கிறோமோ அந்தப் பாத்திக்குத் தண்ணீர் போகும்.

பெட்டிக்குள் அந்தப் பாத்திகள்தான் கிளட்ச் பேக்குகள். வட்டத் தட்டுகளை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும், ஒன்று விட்டு ஒன்றுக்கு உராய்வுப் பூச்சு இருக்கும். ஆயில் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் தட்டுகளை இறுக்க, அந்த கியர் விழுகிறது. பெரும்பாலான பெட்டிகளில் உள்ளே இருப்பது நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி மூன்று நாலு சின்னச் சக்கரங்கள், வெளியே ஒரு பல்வளையம். இதில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுற்ற விடுகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறும், ரிவர்ஸும் கிடைக்கும். பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடு ஒன்று கோத்தபடியேதான் இருக்கின்றன, அவை இடம் மாறுவதே கிடையாது. (பழைய ஹோண்டா பெட்டிகள் மட்டும் இந்த அமைப்பில் வராது. மேனுவல் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் ஷாஃப்டுகள், கியருக்கு ஒரு கிளட்ச். ஆனால் அங்கேயும் இறுக்குவது ஆயில்தான்.)

எந்த வால்வைத் திறப்பது என்று முடிவு செய்வது வால்வ் பாடி என்ற அலுமினியக் கட்டை. நுணுக்கமான வாய்க்கால்கள் வெட்டிய கட்டை அது, பார்த்தால் ஏதோ புதிர்ப்பாதை மாதிரி இருக்கும். அதன் மேல் சொலினாய்டு என்ற மின்வால்வுகள் உட்கார்ந்திருக்கும், அவற்றுக்குக் கட்டளை போடுவது ஒரு சின்ன கம்ப்யூட்டர். இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் கிளட்சுக்குப் பதிலாக டார்க் கன்வெர்ட்டர், அதாவது ஆயில் நிறைந்த கூட்டுக்குள் எதிரெதிரே இரண்டு விசிறிகள். ஒன்று ஆயிலை வீச, இன்னொன்று அந்த வேகத்தில் சுற்றும். அதனால்தான் சிக்னலில் கியரிலேயே நின்றாலும் இன்ஜின் ஆஃப் ஆவதில்லை.

அழுத்தம் எவ்வளவு என்று ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். கார் டயரில் நாம் அடிப்பது 32, 33 பிஎஸ்ஐ. பெட்டிக்குள் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, சுமாராக 60-ஐ ஒட்டி இருந்து, ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது 150, 200-க்கும் மேலே போகலாம், பெட்டிக்குப் பெட்டி மாறும். இந்த அழுத்தம் குறைந்தால் தட்டுகள் முழுசாக இறுகாமல் வழுக்கித் தேயும், தேய்ந்தால் சூடாகும், சூட்டில் பூச்சு கருகும். கருகிய பூச்சு தூளாகி ஆயிலோடு கலந்து ஃபில்டரை அடைக்கும், அழுத்தம் இன்னும் குறையும். அதனால் 'ஸ்லிப் ஆகுது, ஆனா ஓடுது' என்று மாதக்கணக்கில் ஓட்டுவதுதான் இருப்பதிலேயே செலவு வைக்கிற காரியம்.

இப்போது மோட்டார் கணக்குக்கு வருவோம். தோட்டத்தில் எந்தப் பாத்திக்குமே தண்ணீர் சரியாக வரவில்லை என்றால் எங்கே பார்ப்பீர்கள்? மோட்டாரை, கிணற்று மட்டத்தை, பைப்பின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கும் ஃபுட்வால்வை. ஒரு பாத்திக்கு மட்டும் வரவில்லை என்றால்? அந்த லைனை, அந்த வால்வை. காரிலும் இதே கேள்விதான். டியில் போட்டாலும் ஆரில் போட்டாலும் ஒரே மாதிரி தாமதம் என்றால் பொதுவான பிரச்சினை: ஆயில் குறைவு, ஃபில்டர் அடைப்பு, பம்ப். ரிவர்ஸ் உடனே விழுகிறது, டி மட்டும் தாமதம் என்றால் முன்னோக்கிப் போக உதவும் அந்த ஒரு கிளட்ச், அதன் சீல், அல்லது அதற்கான சொலினாய்டு. பெட்டியைக் கழற்றாமலே பாதி நோயறிதல் இந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடும். அந்தப் பையன் ரிவர்ஸ் போட்டுப் பார்த்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த கேள்வி, சூடா குளிரா. இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் மட்டும் தாமதித்து, பத்து நிமிடம் ஓடியதும் சரியாகிவிட்டால், கன்வெர்ட்டரில் இருந்த ஆயில் இரவில் தொட்டிக்கு இறங்கிவிட்டிருக்கும், இல்லை என்றால் ரப்பர் சீல்கள் வயதாகி விறைத்திருக்கும், அல்லது ஆயில் மட்டமே குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சும். ஃபுட்வால்வு ஒழுகினால் காலையில் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றி எடுப்போமே, அச்சாக அதேதான். காலையில் நன்றாக இருந்து, சூடான பிறகு ஸ்லிப் ஆகிறது என்றால் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். சூட்டில் நீர்த்துப்போன ஆயில் உள்ளே தேய்ந்த இடங்கள் வழியாகக் கசிகிறது என்று அர்த்தம்.

எங்கள் வண்டி முதல் வகை. இரண்டு பக்கமும் ஒரே தாமதம், காலையில் மட்டும் அதிகம். எனவே டிப்ஸ்டிக், அதாவது ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி.

இதை எப்படிப் பார்ப்பது என்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் தப்பாகப் பார்ப்பது இங்கேதான். இன்ஜின் ஆயிலைப் பார்க்கிற மாதிரி குளிர்ந்த வண்டியில், ஆஃப் செய்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலான பெட்டிகளில் மட்டம் பொய் சொல்லும். வண்டியை இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமமான தரையில் நிறுத்துங்கள். எங்கள் வீட்டு வாசல் சரிவாக இருக்கும் என்பதால் நான் களத்துக்குக் கொண்டுபோனேன், தேங்காய் உலர்த்துகிற சிமெண்டுத் தரை. ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி இன்ஜின் ஓட ஓட பி, ஆர், என் (நியூட்ரல்), டி என்று ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நொடி நிறுத்திவிட்டு, கையேட்டில் சொன்னபடி பி அல்லது என் நிலைக்குத் திரும்புங்கள். இன்ஜினை நிறுத்தாமல், விசிறியில் சட்டை மாட்டாமல், டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி முழுசாக உள்ளே விட்டு எடுங்கள். கம்பியில் 'குளிர்' 'சூடு' என்று இரண்டு குறிகள் இருந்தால் சூட்டுக் குறிதான் கணக்கு. ஹோண்டாவில் மட்டும் தலைகீழ், சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு நிமிடத்தை ஒட்டிப் பார்க்க வேண்டும். சில பெட்டிகளுக்கு டிப்ஸ்டிக்கே கிடையாது, பக்கவாட்டில் ஒரு போல்ட்டைக் கழற்றி, ஆயில் சொட்டுகிறதா என்று பார்க்கிற ஏற்பாடு. அதை லிஃப்ட் இருக்கும் இடத்தில் செய்யட்டும்.

கம்பியைத் துடைக்க வெள்ளைத் துணி வேண்டும். நம் பக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் திருப்பூர் பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை, அதில் வெள்ளையாக ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். புது ஆயில் ரத்தச் சிவப்பாக, கண்ணாடி மாதிரி இருக்கும். கொஞ்சம் பழுப்பேறி இருந்தால் பரவாயில்லை. டிகாஷன் நிறத்தில் கருகல் வாசத்தோடு இருந்தால் தட்டுகள் தேய்ந்திருக்கின்றன. ரோஸ்மில்க் மாதிரி கலங்கி இருந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது, கிளட்ச் தட்டின் பூச்சைப் பிடித்திருக்கும் பசையைத் தண்ணீர் உரித்துவிடும். கம்பியில் நுரை இருந்தால் ஆயில் அதிகம் அல்லது ரொம்பக் குறைவு. அதிகமாக ஊற்றினாலும் சுற்றுகிற பாகங்கள் கடைந்து நுரையாக்கும், நுரை அமுங்கும், அமுங்குகிற சரக்கை வைத்து எதையும் இறுக்க முடியாது. 'கொஞ்சம் சேர்த்தே ஊத்துங்க' என்று சொல்லி நிற்காதீர்கள்.

எங்கள் கம்பியில் குறிக்குக் கீழே, நுனியில் மட்டும் பழுப்பாக ஈரம். கீழே படுத்துப் பார்த்தால் இடது சக்கரத்தைச் சுற்றும் தண்டு, அதாவது டிரைவ் ஷாஃப்ட், பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்து அப்பியிருந்தது. சீல் ஒழுகி மாதக்கணக்கில் சொட்டியிருக்கிறது, தென்னந்தோப்பு மண்ணில் சொட்டியதால் கறையே தெரியவில்லை. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் என்ன செய்யும்?

ஆயில் மாற்றும்போது எந்த ஆயில் என்பதில் சமரசம் வேண்டாம். ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான ஆயில்) என்று எழுதிய சிவப்புத் திரவம் எல்லாம் ஒன்றல்ல, ஒவ்வொரு பெட்டியின் தட்டுக்கும் ஏற்ற உராய்வுக் குணம் அதில் கலந்திருக்கிறது. ஹூண்டாயின் பழைய நாலு கியர் பெட்டிகளுக்கு எஸ்பி-3, ஹோண்டாவுக்கு அந்தக் காலத்தில் இசட்1, இப்போது அதன் இடத்தில் டிடபிள்யூ-1, டொயோட்டாவுக்கு வயதைப் பொறுத்து டி-4 அல்லது டபிள்யூஎஸ். கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அது.

ஆயிலை இறக்குவதற்காக அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றினால் எல்லா ஆயிலும் வந்துவிடாது. மொத்தம் ஆறு லிட்டர் பிடிக்கும் பெட்டியில் மூன்று லிட்டர்தான் இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மீதி கன்வெர்ட்டருக்குள்ளும் கூலரிலும் தங்கிவிடும். ஒரு தடவை மாற்றினால் பாதி புதுசு. சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றினால் முக்கால் பங்கு, மூன்றாம் தடவை கிட்டத்தட்ட எண்பத்தேழு சதவீதம். மெஷின் வைத்து அழுத்தத்தில் ஒரேயடியாகக் கழுவுவதைவிட, வயதான பெட்டிக்கு இந்த இறக்கி ஊற்றுகிற முறைதான் எனக்குப் பிடிக்கும், உள்ளே படிந்திருக்கும் அழுக்கை ஒட்டுக்காகக் கிளப்பிவிடாது. 'பழைய பெட்டியில் ஆயில் மாத்தினா மொத்தமா போயிடும்' என்று ஒரு பேச்சு உண்டு. ஏற்கெனவே தட்டு தேய்ந்து, அதன் தூள் கலந்த ஆயிலால் எப்படியோ பிடித்து ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் அது நடக்கலாம், ஆனால் அந்தப் பெட்டி எப்படியும் போகப்போகிற பெட்டி. கருகல் வாசம் இல்லை என்றால் தைரியமாக மாற்றுங்கள். கழற்றிய பிளக்கில் காந்தம் இருக்கும், அதில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒட்டியிருந்தால் சகஜம். விரலில் குத்துகிற மாதிரி இரும்புத் துணுக்குகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது, அதற்கு மேல் ஆயிலில் பணத்தைப் போடாதீர்கள்.

ஆயில் சரி, ஆனாலும் கோளாறு என்றால் மின்சாரம். திடீரென்று ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, அது பெரும்பாலும் மூன்றாவதாக இருக்கும், இழுவையே இல்லாமல் உறுமுகிறதா? கம்ப்யூட்டர் ஏதோ தப்பைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் காப்பாற்ற அப்படிப் பூட்டி வைத்திருக்கிறது. ஓரமாக நிறுத்தி, சாவியை ஆஃப் செய்து மறுபடி போட்டதும் சரியாகி, பிறகு மறுபடி மாட்டினால் அநேகமாக சென்சாரோ, சொலினாய்டோ, ஒயரோதான். ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் பி0700 என்று ஒரு கோளாறு எண் (கோடு) வந்ததும் 'கியர்பாக்ஸ் கம்ப்ளைண்ட்' என்று முடித்துவிட விடாதீர்கள். அந்தக் கோடுக்கு அர்த்தம் 'பெட்டியின் கம்ப்யூட்டரில் ஏதோ பதிந்திருக்கிறது, அங்கே போய்ப் பார்' என்பது மட்டும்தான், உண்மையான கோடு உள்ளே வேறாக இருக்கும். டிஸ்ப்ளேயில் டி என்று காட்டாமல் மினுங்குகிறது, பியில் ஸ்டார்ட் ஆகாமல் என் நிலையில் மட்டும் ஆகிறது என்றால் லீவர் நிலையைச் சொல்லும் இன்ஹிபிட்டர் சுவிட்சைப் பாருங்கள், அது பெட்டிக்கு வெளியே இருக்கும் ஒரு சாதாரண சாமான். வலுவிழந்த பேட்டரியும் பச்சை பூத்த எர்த் ஒயரும்கூட கியரைக் குழப்பும்.

இன்னும் சில கோளாறுகள் பெட்டியுடையதே அல்ல. இன்ஜின் மவுண்ட் ரப்பர் போய்விட்டால் கியர் மிருதுவாக விழுந்தாலும் இடிக்கிற மாதிரிதான் தெரியும். இன்ஜினுக்குக் காற்று போகும் வழியான த்ராட்டில் பாடி அழுக்கால் ஐடில் ஏறிக்கிடந்தால் டி போடும்போது துள்ளும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துப் போகும்போது, ரோட்டில் வரிசையாகப் போட்ட கோடுகள் மேல் ஓடுகிற மாதிரி ஒரு உதறல் வந்தால் கன்வெர்ட்டரின் இரண்டு விசிறிகளையும் ஒன்றாகப் பூட்டும் லாக்-அப் கிளட்சாக இருக்கலாம், இக்னிஷன் காயிலாகவும் இருக்கலாம். காலியான ரோட்டில், வலது காலை ஆக்சிலரேட்டரில் வைத்தபடியே இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்குத் தொட்டுப் பாருங்கள். பிரேக் சுவிட்ச் பட்டதும் லாக்-அப் விடுபட்டுவிடும். உதறல் அந்த நொடியில் நின்றால் கன்வெர்ட்டர் பக்கம், நிற்கவில்லை என்றால் முதலில் காயிலையும் ஸ்பார்க் பிளக்கையும் பாருங்கள். லாக்-அப் உதறல் ஆரம்பத்திலேயே என்றால் பலமுறை ஆயில் மாற்றியதிலேயே போய்விடும்.

வால்பாறை போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆழியாறில் இருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஏறும்போது கன்வெர்ட்டர் வழுக்கி வழுக்கித்தான் இழுக்கும், அந்த வழுக்கல் எல்லாம் ஆயிலில் சூடாக இறங்கும். டியிலேயே விட்டால் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் வண்டி சும்மா சும்மா மாறிக்கொண்டே இருக்கும். லீவரை '2'-ல் போட்டுவிடுங்கள், இறங்கும்போதும் அதேதான், இன்ஜின் பிடித்துக்கொள்ளும், பிரேக்கும் கருகாது. நடுவில் ஸ்லிப் ஆக ஆரம்பித்தால் நிறுத்தி, இன்ஜினை ஐடிலில் சிறிது நேரம் ஓடவிட்டு ஆறவிடுங்கள். இன்ஜின் ஓடினால்தான் பம்ப் சுற்றும், பம்ப் சுற்றினால்தான் ஆயில் கூலருக்குப் போகும். அதே காரணத்தால், நின்றுபோன ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, இன்ஜின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே ஆயிலே இல்லாமல் பாகங்கள் உரசும். முன்சக்கர டிரைவ் வண்டி என்றால் முன்பக்கத்தைத் தூக்கியோ, மொத்தமாக லாரியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் வண்டியை இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் விட்டபோது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: காலையில் மட்டும் அதிகம், டி ஆர் இரண்டிலும் மூன்று நொடி, சூடானால் குறைகிறது, இடது ஷாஃப்ட் சீல் ஒழுகல், ஆயில் குறைவு, கருகல் வாசம் இல்லை. அந்த மெக்கானிக் தாளைப் படித்துவிட்டு, "அப்பறம் நான் எதுக்குங்க?" என்று சிரித்தார். சீல் மாற்றி, ஒன்றரை மாத இடைவெளியில் மூன்று தடவை ஆயில் இறக்கி ஊற்றினோம். இரண்டாவது தடவையோடு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கத்துவது நின்றது. உள்சீல்களின் வயது அப்படியேதான் இருக்கிறது, மார்கழிக் காலையில் இன்னும் ஒரு நொடி யோசிக்கும். அப்பா டியில் போட்டு, "ஒண்ணு" என்று வாய்விட்டு எண்ணி, அது பிடித்த பிறகுதான் பிரேக்கில் இருந்து காலை எடுக்கிறார்.